கோழிக்கூட்டுக்கு இரண்டு கொண்டி

அன்று காலை கோழிக்கூட்டைத் திறக்கப் போன அம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வழக்கமாக முட்டை கிடந்தால், “ஏட்டி, மூணு இருக்கு, கிண்ணத்தக் கொண்டா” என்று புறவாசலிலிருந்தே குரல் கொடுப்பாள். காப்பி போட்டு முடித்தும் ஆளைக் காணோமே என்று நான் போய்ப் பார்த்தேன். துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கருப்பி. அதன் கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டில் இருந்தவை 11. செத்துக் கிடந்தவை 9. மேல்கம்பின் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்ற சேவலும், இன்னும் முட்டையிடத் தொடங்காத ஒரு விடையும்தான் மிச்சம். செத்ததில் ஒன்றைத்தான் தின்றிருந்தது, அதுவும் பாதி. மற்றவற்றுக்குக் கழுத்தில் கடி. இரண்டுக்குத் தலை இல்லை. அது ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த நேரம். இரவு முழுக்க மழை தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்ததில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

கருப்பி நான்கு முறை அடைகாத்த கோழி. அடுப்படி வாசல் வரைக்கும் வந்து, அம்மா அரிசி களையும்போது பக்கத்திலேயே நிற்கும். நல்ல நாட்டுக்கோழிக்கு என்ன விலை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நன்றாக அடையிருந்து, பொரித்த குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாகக் கூட்டிக்கொண்டு திரியும் தாய்க்கோழி ஒன்று அமைய எத்தனை வருடம் ஆகும் என்பது கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அன்று அம்மா சாப்பிடவில்லை. நானும்தான்.

எங்கள் வீடு தென்காசி மாவட்டத்தில், கடையத்தை அடுத்த மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. புறவாசல் சுவரைத் தாண்டினால் தென்னந்தோப்பு. அதற்கப்பால் வாய்க்கால். அதற்கும் அப்பால் பாறையும் முள்ளுமாக மேற்கே ஏறிப் போகும் நிலம். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்தேன். வந்த சூட்டோடு நான் செய்த முதல் வேலை அந்தக் கோழிக்கூடு. என் கையால், என் யோசனையில் கட்டியது. ஆகவே அந்த ஒன்பதும் என் கணக்கில்தான் சேரும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “நாய்தான். வேற என்ன?” என்றார். அம்மா தலையை ஆட்டினாள். “நாயா இருந்தா கூட்டப் பிச்சுல்லா எறிஞ்சிருக்கும் அண்ணாச்சி. இங்க கதவு அப்படியே இருக்கு.”

கதவு அப்படியேதான் இருந்தது. கொண்டி போட்டபடி இருந்தது. வலை கிழியவில்லை. தரையில் பள்ளம் இல்லை. பிறகு எப்படி?

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அந்த வழியாக ஆடு பத்திக்கொண்டு போகிற பெரியவர் ஒருவர். செத்த கோழிகளை அவர் பார்க்கவே இல்லை. நேரே கூட்டைச் சுற்றி வந்தார், பிறகு கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு ஸ்டூல் கேட்டார். ஏறிப் பார்த்துவிட்டு என்னையும் ஏறச் சொன்னார். தகரத்தின் மேல் ஒரு ஓரமாக எச்சம் கிடந்தது. மழையில் கரைந்து பாதி போயிருந்தாலும் உள்ளே இருந்த நாவல் கொட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. “மரநாய்மா. தென்னையிலிருந்து சுவத்துக்கு வந்து, சுவத்திலிருந்து தகரத்துக்கு வந்திருக்கு” என்றார். தகரத்துக்கும் பக்க வலைக்கும் நடுவே காற்றுக்காக நான் விட்டிருந்த சந்தில் கையை நுழைத்துக் காட்டினார். அவர் கை முழங்கை வரைக்கும் தாராளமாகப் போனது.

மரநாய் என்று பெயர்தான், அது நாய் இனம் இல்லை. புனுகுப்பூனையின் சொந்தம். பகலெல்லாம் மரப்பொந்திலோ, வீட்டு மச்சிலோ, பனையின் கொண்டையிலோ தூங்கும். இரவில் இறங்கிப் பழம் தின்னும், பூச்சி தின்னும், எலி பிடிக்கும். கோழி வாகாகக் கிடைத்தால் விடாது. ஏன் ஒன்றைத் தின்றுவிட்டு எட்டைக் கொன்றுபோட்டது என்று எனக்குப் பல நாள் ஆற்றாமை. இதைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகு புரிந்தது. வெளியில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும், வேட்டை அத்தோடு முடிந்தது. மூடிய கூட்டில் எதுவும் ஓட முடியாது. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, நின்ற இடத்திலேயே படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தப் படபடப்பு வேட்டை விலங்கை மறுபடியும் மறுபடியும் கடிக்க வைக்கிறது. வெறியும் இல்லை, வன்மமும் இல்லை. நான் அதற்கு ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்று நான் கட்டியிருந்த கூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சவுக்குக் கம்புகள் நட்டு, சுற்றிலும் கடையில் கோழி வலை என்று கேட்டால் கொடுக்கிற அறுகோணக் கண் வலையை ஆணியடித்துக் கட்டி, மேலே தகரம் போட்டு, ஒரு கதவு, ஒரு கொண்டி. பார்க்க அழகாக இருந்தது. கோழி வெளியே வரவில்லை. கோழி வெளியே வராத அளவுக்குத்தான் அதைக் கட்டியிருந்தேன் என்பது அதற்கு முன் என் புத்திக்கு எட்டவே இல்லை. அந்த வலையின் கம்பி மெல்லியது. ஒரு நாய் பல்லை வைத்து இரண்டு இழு இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். கண் பெரியது என்பதால் கீரிக்குட்டி நுழையும், பாம்பு நுழையும், எலி நுழையும். வலையோடு ஒட்டித் தூங்கும் கோழியின் தலையை வெளியிலிருந்தே இழுத்துவிடவும் முடியும்.

இதை நினைக்கும்போதெல்லாம் ஆச்சி வீட்டுத் திண்ணை ஞாபகம் வருகிறது. கல்லும் காரையும் போட்டுக் கட்டிய திண்ணை. அதன் அடியிலேயே கோழிக்கு ஒரு குகை மாதிரி இடம் விட்டிருப்பார்கள். மூன்று பக்கமும் கல், மேலே கல், தரையும் கல். ஒரே ஒரு வாய், ஒரு குழந்தை குனிந்து நுழைகிற அளவுக்கு. பொழுது சாயும் நேரத்தில் கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். ஆச்சி உதட்டுக்குள் எண்ணுவாள். பலகையை வைத்து, அதன் மேல் ஆட்டுக்கல் குழவியைச் சாய்த்து வைப்பாள். அந்தக் குழவியை என்னால் நகர்த்த முடியாது, அத்தனை கனம். வாசலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இரண்டு ஓட்டை இருக்கும், காற்றுக்கு. அந்த ஓட்டையில் அவள் கம்பிச் சல்லடைத் துண்டு ஒன்றைப் பதித்து வைத்திருந்தாள். அது எதற்கு என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அந்த வீட்டைப் பிறகு இடித்தாயிற்று.

சரி, புதுக் கூடு.

கூடு கட்டுவதற்கு முன் அம்மாவும் நானும் ஒரு காரியம் செய்தோம். எங்கள் தெருவில் கோழி வளர்க்கிற ஏழெட்டு வீடுகளில் போய், யார் வீட்டில் எது எப்படிப் போனது என்று விசாரித்தோம். ஒவ்வொரு பிராணியும் தன் கையெழுத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. நாய் வந்த வீட்டில் வலை கிழிந்திருக்கும், கோழி முற்றமெல்லாம் சிதறிக் கிடக்கும், உடம்பு முழுக்கக் கடி இருக்கும், தின்றிருக்காது. கீரி பகலில் வரும். காலை பத்து மணிக்கு ஏழு குஞ்சு இருந்தது, மதியம் சோறு வைக்கும்போது நான்குதான் என்றால் கீரியையோ பருந்தையோ சந்தேகப்படலாம். பெருச்சாளி தரைக்கடியிலிருந்து வளை தோண்டி வரும். குஞ்சின் காலைக் கடித்து வளைக்குள் இழுத்துப் போயிருக்கும், வளை வாயில் இரண்டு இறகு ஒட்டியிருக்கும்.

முட்டையை வைத்தும் சொல்லலாம். ஓடு உடைந்து மஞ்சள் கரு சிந்திக் கிடந்தால் காகமாகவோ கீரியாகவோ இருக்கலாம். சில சமயம் நம் கோழியே முட்டை குடிக்கப் பழகியிருக்கும், அதையும் மறந்துவிடக் கூடாது. ஓட்டுத் துணுக்குகூட இல்லாமல் முட்டை மாயமாகியிருந்தால் பாம்பு. அது முழுசாக விழுங்கிவிடும். எச்சில் பட்டு நனைந்து, காயமே இல்லாமல் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தால் அதுவும் பாம்புதான். விழுங்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கும். அடையில் உட்கார்ந்தபடியே கோழி செத்திருந்தால் உடனே கையை உள்ளே விடவே விடாதீர்கள். முட்டைக்கு வந்த நல்லபாம்பு கொத்தியிருக்கலாம், அது இன்னும் அங்கேயே இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் இருந்தது. அந்த அக்கா டார்ச் அடித்துப் பார்த்ததால் பிழைத்தாள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எது வந்தது என்று தெரியாமல் செய்கிற ஏற்பாடு பாதிக்கு மேல் வீண். மரநாய்க்குப் பயந்து சுற்றுச்சுவரை உயர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மரம் ஏறுகிற பிராணி, சுவர் அதற்குப் படிக்கட்டு. காலையில் செத்த கோழியைக் கண்டதும் முதலில் அள்ளிக் கழுவிவிடத்தான் மனசு சொல்லும். ஒரு அரை மணி நேரம் பொறுங்கள். சுற்றி நடந்து, தரையைப் பாருங்கள், கூரையைப் பாருங்கள்.

புதுக் கூட்டை எட்டடிக்கு ஆறடி என்று வைத்துக்கொண்டேன். சவுக்குக் கம்பை விட்டுவிட்டு, துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாய்கள் நட்டேன். பழைய கம்புகளைப் பிடுங்கியபோது அடிப்பகுதியைக் கரையான் பாதிக்கு மேல் தின்றிருந்தது. இன்னும் ஒரு மழை போயிருந்தால் கூடே சாய்ந்திருக்கும். சுற்றிலும் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்த வலை. கடையில் கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விலை குறைவு என்று மெலிந்ததை வாங்கினால் பழைய கதைதான். அரை அங்குலக் கண்ணில் எலி நுழையாது, முட்டையை விழுங்கும் அளவுள்ள பாம்பும் நுழையாது. மரநாய் கையை விட்டுத் துழாவவும் முடியாது. வலையைக் குழாயோடு கட்டுக்கம்பியால் மட்டும் கட்டாமல், பட்டை இரும்பு வைத்து அழுத்தித் திருகாணி போட்டு முடுக்கினோம். கட்டுக்கம்பி துருப்பிடித்து அறுந்தாலும் வலை பிரியக் கூடாது.

அடியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நாயும் கீரியும் பெருச்சாளியும் தோண்டுவது வலை மண்ணைத் தொடுகிற அந்தக் கோட்டில்தான். ஆகவே அடிவலையை மண்ணோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக மடக்கி, ஒன்றரை அடிக்குத் தரையில் படுக்கப் போட்டு, அதன் மேல் அரைச் சாண் மண்ணும் கற்களும் பரப்பினோம். சேலைக் கொசுவம் தரையில் விரிகிற மாதிரி. தோண்ட வருகிற பிராணி கூட்டை ஒட்டித்தான் தோண்டும், நகம் கம்பியில் படும். ஒன்றரை அடி பின்னால் போய் நின்று தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. நேர்குத்தாகப் புதைப்பதும் உண்டு, ஓரடி ஆழமாவது வேண்டும். எங்கள் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே உடனே பாறை தட்டுகிறது என்பதால் படுக்கப் போட்டதே வசதியாகப் போயிற்று.

காற்று விஷயத்தில் நானும் கொத்தனாரும் இரண்டு நாள் வாதாடினோம். அவர் நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர் எழுப்பி மூடிவிடலாம் என்றார். பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே மூடிய அறையில் பூட்டினால் மரநாய் தேவையில்லை, நாமே கொன்றுவிடுவோம். கடைசியில் மேற்குப் பக்கம் மட்டும் மழைச்சாரலுக்காக மூன்றடிச் சுவர், மற்றதெல்லாம் வலை, தகரத்தின் மேல் தென்னங்கீற்று என்று ஒப்பந்தமானது. தகரத்தின் நெளிவு உட்காரும் இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னச் சந்துகள் விழும், கவனித்திருக்கிறீர்களா? ரூபாய் நாணயம் நுழைகிற சந்து எலிக்குப் போதும். ஒவ்வொரு நெளிவிலும் வலைத்துண்டைச் சுருட்டித் திணித்து, மேலே சிமெண்டு பூசச் சொன்னேன். அந்த வேலைக்கு மட்டும் ஒரு முழுநாள் கூலி. கொடுத்த காசிலேயே மனசார கொடுத்தது அதுதான்.

கதவுக்கு இரண்டு கொண்டி. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரே கொண்டி நடுவில் இருந்தால் நாய் கீழ்மூலையை முட்டி முட்டி வளைத்துவிடும், அந்த வளைவு போதும் கீரிக்கு. இரண்டிலும் பூட்டு மாட்டுகிற துளையில் ஒரு கொக்கிக் கம்பி. அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. குனிந்து கீழ்க்கொண்டியைப் போட முட்டி வலிக்கிறது என்றாள். அது உண்மை. ஆகவே கீழ்க்கொண்டி இப்போது என் வேலை.

கூட்டோடு சேர்த்துப் பகலில் மேய ஒரு வளைப்பும் வேண்டியிருந்தது. பெரிய கோழிகள் வழக்கம் போலத் தோப்பெல்லாம் சுற்றும். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. நாட்டுக்கோழியின் வாழ்க்கையே கிளறுவதில்தான் இருக்கிறது. ஆனால் குஞ்சும் தாயும் முதல் இரண்டு மாதமாவது பாதுகாப்பான இடத்தில் மேய வேண்டும். முதல் வாரங்களில் பஞ்சாரம் போதும், கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை. பகலில் பஞ்சாரத்தின் மேல் ஒரு கனமான கல் வைக்க வேண்டும், இல்லையென்றால் நாய் மூக்கால் நெம்பிக் கவிழ்த்துவிடும்.

வளைப்பில் நான் செய்த தப்பு ஒன்றை எழுதாமல் விட முடியாது. செலவைக் குறைக்க, சுற்றிலும் நைலான் வலை கட்டினேன். பழைய மீன்வலை, சும்மாவே கிடைத்தது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் அடிப்பக்கம் ஆறடிச் சாரைப்பாம்பு ஒன்று சிக்கிக் கிடந்தது. கழுத்துக்குக் கீழே நூல் இறுகி, செதில் பிய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. முன்னால் போக முடியும், செதில் மாட்டிக்கொள்வதால் பின்னால் வர முடியாது. முன்னால் தள்ளத் தள்ள இன்னும் இறுகும். பாம்பு பிடிக்கத் தெரிந்த ஒரு தம்பியை வரவழைத்தோம். சவரப் பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அம்மா பக்கத்தில் நின்று வெயில் படாமல் குடை பிடித்தாள். சாரைக்கு விஷம் இல்லை. அது எங்கள் தோப்பில் எலி பிடிக்கிற பாம்பு. அதைத் தோப்பில் விட்டபோது உடனே ஓடவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, பிறகு மெல்லப் போனது. பிழைத்ததா என்று தெரியாது. அன்று சாயங்காலமே தரையிலிருந்து நான்கடி உயரம் வரைக்கும் நைலானை வெட்டி எடுத்துவிட்டு, அங்கும் கம்பி வலை போட்டேன். நைலான் இப்போது தலைக்கு மேலே மட்டும்தான், பருந்துக்காக.

பருந்து, வல்லூறு, காகம். வானத்திலிருந்து வருகிறவை. இவற்றில் வல்லூறுதான் கெட்டிக்காரப் பறவை. பருந்து போல வட்டமடித்துக் காட்டாது. முருங்கையின் உள்கிளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, தாழப் பறந்து வந்து ஒரே அடியில் தூக்கிக்கொண்டு போய்விடும். தாய்க்கோழிக்கு இது தெரியும். வானத்தில் நிழல் கண்டால் அது எழுப்புகிற ஒலி வேறு, தரையில் கீரியோ பாம்போ வந்தால் எழுப்புகிற ஒலி வேறு. முதல் ஒலிக்குக் குஞ்சுகள் ஓடிப் பதுங்கி அசையாமல் கிடக்கும். இரண்டாவது ஒலிக்கு எல்லாக் கோழியும் சேர்ந்து கொக்கரிக்கும். அம்மா அடுப்படியிலிருந்தே எது வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். எனக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆனது.

பதுங்க இடம் வேண்டும், அதுதான் குஞ்சுக்கு முதல் பாதுகாப்பு. கூட்டிப் பெருக்கிய வெற்று முற்றத்தில் குஞ்சு எங்கே ஓடும்? வளைப்புக்குள் இரண்டு கொய்யா, ஒரு கறிவேப்பிலை, ஆவாரம்செடி நான்கைந்து வைத்தேன். பழைய சிடிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டதும் உண்டு. ஒரு வாரம் பருந்து வரவில்லை, பிறகு அதற்குப் பழகிவிட்டது. செத்த காக்கையைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள் சில வீடுகளில், அது காகத்துக்கு ஓரளவு பலிக்கிறது. நான் செய்யவில்லை.

பாம்புக்காக ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். பூண்டு நசுக்கித் தெளி, சிறியாநங்கை நடு, பினாயில் ஊற்று. சிறியாநங்கை நட்டேன், நல்ல மூலிகைதான், ஆனால் அந்தச் செடிக்குப் பக்கத்திலேயே ஒரு மாதம் கழித்துச் சாரை படுத்திருந்ததைப் பார்த்தேன். உண்மையில் பலன் தந்தது வேறு. இரவில் தீவனத்தை வெளியே வைப்பதை நிறுத்தினோம். சிந்திய தானியத்தைச் சாயங்காலமே கூட்டி எடுத்தோம். தானியம் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். முட்டையைக் காலையும் மாலையும் எடுத்தோம். கூட்டைச் சுற்றிப் பத்தடிக்கு விறகு, ஓலைக்கட்டு, செங்கல் அடுக்கு எதுவும் கிடையாது. தென்னைக்கும் சுவருக்கும் நடுவே பாலம் போல நீட்டிக்கொண்டிருந்த மட்டைகளை வெட்டி, தென்னைமரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே வழுவழுப்பான தகரப்பட்டை ஒன்றைச் சுற்றினோம். மரநாய்க்கு அதில் நகம் பிடிக்காது. தென்னையில் எலி ஏறாமல் இருக்கச் செய்கிற அதே வேலைதான். பாம்பு கடித்துவிட்டால் மட்டும் எந்த வைத்தியமும் யோசிக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும்.

அந்த ஒன்பது கோழி செத்த வாரத்தில் ஒருவர் வந்து, செத்த கோழியில் வயலுக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்தைத் தடவித் தோப்பில் போடுங்கள், ஒரே ராத்திரியில் தொல்லை தீரும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாதான் தடுத்தாள். “அது மட்டுமா திங்கும்? காக்கா திங்கும், நாய் திங்கும், அத நக்கிட்டுப் பூனை வந்து நம்ம வாசல்ல விழும். மயிலு கொத்தும். எந்தப் பாவத்தக் கொண்டு போய் எங்க கொட்ட?” சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மரநாய், கீரி, சாரை எல்லாமே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. சுருக்குக் கம்பி வைப்பதும் வேலியில் மின்சாரத்தைத் திருப்பிவிடுவதும் குற்றம். வேலி மின்சாரத்தில் யானைகளும் மனிதர்களும் செத்த செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். இவையெல்லாம் இல்லாமலும் எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மரநாயைக் கொன்றால் அந்த இடம் காலியாக இருக்காது, இன்னொன்று வரும். சந்து அப்படியே இருக்கும்.

அடிவாரம் என்பதால் சிறுத்தை பற்றியும் கேட்பார்கள். நாயையும் ஆட்டையும் தூக்கிய வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. அது கோழிக்கூட்டால் தீர்க்கிற விஷயமில்லை. தடம் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்வதுதான் வழி.

கின்னிக்கோழி இரண்டு வாங்கி விட்டிருக்கிறோம். காது கிழிகிற சத்தம். ஆனால் கூட்டுப் பக்கம் புதிதாக எது அசைந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். வாங்கிய முதல் மாதம் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவரே ஒரு ஜோடி கேட்கிறார்.

இத்தனைக்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது, அதற்குக் காசு செலவில்லை. பொழுது சாய்கிற அந்தக் கால்மணி நேரம். கோழிகள் தாமாகவே கூடு திரும்பும். ஒன்றிரண்டு மட்டும் முருங்கையில் ஏறிவிடப் பார்க்கும், அவற்றை அப்போதே இறக்கிவிட வேண்டும். ஒருநாள் மரத்தில் தூங்கப் பழகினால் பிறகு கூட்டுக்கு வராது. எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்த பிறகுதான் கதவு. கல்யாண வீடு, கோயில் கொடை, பேருந்து தாமதம் எதுவானாலும் அந்தக் கால்மணி நேரத்துக்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நானோ அம்மாவோ, யாராவது ஒருவர் இல்லாமல் இந்த மூன்று வருடத்தில் ஒரு பொழுதும் சாய்ந்ததில்லை. கூட்டுக்குள் இரவில் ஒரு கோழியும் போகவில்லை. பகலில் போயிருக்கிறது, கீரியிடம் இரண்டு, வல்லூறிடம் ஒரு குஞ்சு. மேயவிட்டு வளர்க்கிற வரைக்கும் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. தப்பிப் பிழைத்த அந்த விடை, இப்போது அதுதான் கூட்டின் மூத்த கோழி. டார்ச் எடுத்துக்கொண்டு தோப்பு, வாய்க்கால் கரை, மாட்டுக் கொட்டகை என்று ஒன்பது மணி வரைக்கும் தேடினோம். அம்மா அழவே தொடங்கிவிட்டாள். கடைசியில் கொட்டகை வைக்கோலுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் 12 முட்டை இட்டு, அடையில் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டியதும் இறகைச் சிலிர்த்துக் கொத்த வந்தது. இருட்டில் அசங்காமல் தூக்கி, முட்டைகளை முந்தானையில் அள்ளி, கூட்டுக்குள் மூலையில் வைக்கோல் போட்டு வைத்தோம். முதலில் எழுந்து நின்றது. பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக அலகால் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. 21-ஆம் நாள் பத்து பொரித்தன. அதில் ஒன்று முழுக் கறுப்பு.

வடக்குப் பக்கம் மண்ணுக்குள் கிடக்கும் வலையை நேற்று லேசாகக் கிளறிப் பார்த்தேன், ஒரு முழ நீளத்துக்குத் துரு ஏறியிருக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதை மாற்றிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.